முதல் பூல் கியூ, கையைக் கடிக்காத விலையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பூல் ஆடத் தொடங்கிச் சில மாதம் ஆனவர்கள், பார்லரில் பொதுவாக வைத்திருக்கும் ஸ்டிக்கை விட்டு, பந்தை அடிக்கும் கோலான கியூவைச் சொந்தமாக வாங்க நினைக்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான். கியூவின் விலை பெரும்பாலும் பின்பக்கத்து வேலைப்பாட்டில் ஏறுகிறது. ஆட்டம் நடப்பதோ முன்பக்கத்தில். முதல் கியூவுக்குப் போடும் காசு அந்த முன்பக்கத்துக்குப் போக வேண்டும்.

சொந்தக் கியூ இப்போதே வேண்டுமா? பார்லர் ஸ்டிக் போதாதா?

மாதத்துக்கு இரண்டு தடவை நண்பர்களோடு போய் ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு அவசரமே இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போக ஆரம்பித்துவிட்டீர்கள், அந்தக் கடைசி எட்டாம் நம்பர் பந்து ஏன் விழவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசிக்கிறீர்கள் என்றால் வாங்கலாம்.

காரணம் எளிது. பார்லர் ஸ்டிக் ஒவ்வொரு நாளும் வேறு. ஒன்று கனம், ஒன்று லேசு. ஒன்றின் டிப் (பந்தைத் தொடும் நுனித் தோல்) தட்டையாகத் தேய்ந்திருக்கும், இன்னொன்றில் வழுவழுவென்று சாக் (வழுக்காமல் இருக்க டிப்பில் தேய்க்கும் கட்டி) ஒட்டாது. பந்து தப்பினால் தப்பு கையிலா கட்டையிலா என்று சொல்ல முடியாது. ஒரே கியூவில் ஆடும்போது அந்தச் சந்தேகம் தீர்கிறது. கட்டை மாறாதபோது மாற வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

காசு இப்போது இல்லை என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பார்லரில் இருக்கும் ஸ்டிக்குகளில் நேராக இருக்கும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். "இதுக்கு டிப் நான் போட்டுத் தரேண்ணா, நான் வரும்போது இதையே எடுத்துக்கிறேன்" என்று பார்லரில் டேபிளைக் கவனித்துக்கொள்ளும் மார்க்கரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களுக்கும் அது லாபம்தானே. ஒரு நல்ல டிப் போட்ட சாதாரண ஸ்டிக், மட்டமான டிப் போட்ட பளபள கியூவைவிட எவ்வளவோ மேல்.

நான் போகும் இடத்தில் ஸ்நூக்கர் டேபிளும் இருக்கிறது, பூல் டேபிளும் இருக்கிறது. எந்தக் கியூ வாங்குவது?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். இதை விட்டுவிட்டு நிறம், பிராண்டு என்று போகிறவர்கள்தான் பிறகு விற்க ஆள் தேடுகிறார்கள்.

ஸ்நூக்கர் நம் ஊரோடு நெருங்கிய ஆட்டம். 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடக்கி வைத்ததாகவும், 1882-ல் ஊட்டி கிளப்பில் அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டதாகவும் அதன் வரலாறு சொல்கிறது. அதனால் நம் பக்கத்து ஆட்களின் கையில் ஸ்நூக்கர் கியூவே நிறைய இருக்கும். பூல் ஆடுகிறவர்களும் அதையே எடுத்து ஆடிப் பழகியிருப்பார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் டிப்பில் இருக்கிறது. ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ., அதற்கு 9 முதல் 10 மி.மீ. டிப். பூல் பந்து 57 மி.மீ., ஒரு பந்தின் எடை 156 முதல் 170 கிராம் வரை. அதற்கு 12 முதல் 13 மி.மீ. டிப். ஸ்நூக்கர் பந்து அதைவிட லேசு. ஸ்நூக்கர் கியூ பெரும்பாலும் ஆஷ் மரம், நுனியில் டிப்பைத் தாங்கும் பூணான பித்தளை ஃபெரூல், பின்னாலிருந்து முன்வரை ஒரே சீராகச் சிறுத்துக்கொண்டே வரும். பூல் கியூவின் ஷாஃப்ட், அதாவது முன்பாதி, பெரும்பாலும் மேப்பிள் மரம். நுனியிலிருந்து கணிசமான தூரம் ஒரே பருமனில் வந்து பிறகுதான் தடிக்கும்.

பூல் மட்டும் ஆடுவீர்கள் என்றால் 12.5 அல்லது 13 மி.மீ. டிப் உள்ள மேப்பிள் கியூவை எடுங்கள். பெரிய டிப் புதியவருக்குக் கை கொடுக்கும். நடுவிலிருந்து கொஞ்சம் விலகிப் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போகாது. ஸ்நூக்கர்தான் உங்கள் ஆட்டம், பூல் எப்போதாவது என்றால் ஸ்நூக்கர் கியூ வாங்குங்கள். பூல் டேபிளில் அதை வைத்துப் பந்தைப் போடலாம், ஆனால் முழு வேகத்தில் பிரேக் (ஆட்டத் தொடக்கத்தில் பந்துக் குவியலைக் கலைக்கும் அடி) அடிக்காதீர்கள். மெல்லிய நுனிக்கும் அந்தச் சின்ன டிப்புக்கும் அது நல்லதில்லை. பிரேக்குக்கு மட்டும் பார்லர் ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பாதிப் பாதி ஆடுகிறவர்களுக்கு 10.5 முதல் 11.5 மி.மீ. டிப் உள்ள ஆஷ் கியூக்கள் இருக்கின்றன. சீன எட்டுப்பந்து ஆட்டத்துக்கென்று வருபவை. இரண்டு டேபிளிலும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் பூலில் நன்றாக வர வேண்டும் என்கிற எண்ணம் இருந்தால், நான் பூல் கியூவையே சொல்வேன்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

என்னைக் கேட்டால் முதல் கியூவுக்கு எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய் தாண்ட வேண்டாம். 3,000 பக்கம் முடிந்தால் இன்னும் நல்லது. ஆயிரத்துக்குக் கீழே வருபவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் மரமும், துண்டுகளைப் பூட்டும் ஜாயின்ட்டும் எப்படி இருக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மொத்தத் தொகையையும் கட்டையிலேயே போட்டுவிடாதீர்கள். 4,000 ரூபாய் வைத்திருந்தால் கியூவுக்கு மூவாயிரத்துக்குள் நிறுத்தி, மீதியில் நல்ல டிப் ஒன்று, அதை மாட்டும் கூலி, இரண்டு சாக், ஒரு சாதாரண உறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மலிவுக் கியூவோடு வரும் டிப் பெரும்பாலும் தேறாது. அதை மாற்றிய பிறகுதான் நீங்கள் வாங்கிய கியூ எப்படிப்பட்டது என்றே தெரியும்.

ஒரு கியூவின் விலை ஏறுவதற்குக் காரணம் என்ன என்று பாருங்கள். கைப்பிடிப் பகுதியில் பல நிற மரங்களைக் கூர்கூராகப் பொருத்துவது, அதில் பதிக்கும் வேலைப்பாடு, பெயர். இவற்றில் எதுவும் பந்தைத் தொடுவதில்லை. அழகான பொருள் மேல் ஆசை இருப்பது தப்பில்லை, அதை இரண்டாவது கியூவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் கியூவைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

நேராக இருக்கிறதா என்பதை. வேறெதையும் பிறகு மாற்றலாம், டிப் மாற்றலாம், எடைகூடச் சிலவற்றில் மாற்றலாம். வளைந்த ஷாஃப்டை ஒன்றும் செய்ய முடியாது.

கடைக்காரர் டேபிளில் உருட்டிக் காட்டுவார். உருட்டிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். டேபிளே மேடுபள்ளமாக இருக்கலாம். கியூ ஒரு முனை தடித்தும் ஒரு முனை மெலிந்தும் இருப்பதால் உருளும்போது கண் ஏமாறும். இப்படிச் செய்யுங்கள்: முதலில் கழற்றிவிட்டு ஷாஃப்டை மட்டும் எடுங்கள். ஒரு கண்ணை மூடி, ஜாயின்ட் பக்கத்திலிருந்து டிப் வரை நீளவாக்கில் பாருங்கள். சவுக்குக் கழி பொறுக்குகிறவர் பார்ப்பாரே, அதே பார்வை. பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று சுழற்றுங்கள். நுனி ஒரே இடத்தில் நின்றால் நேர். நுனி வட்டம் போட்டால் வளைவு. அடுத்து ஷாஃப்டை மட்டும் டேபிளில் உருட்டி, கட்டைக்கும் துணிக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கோட்டைக் கவனியுங்கள். அந்தக் கோடு ஒரே அளவாக நிற்க வேண்டும். திறந்து மூடுவதுபோல் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

பிறகு இரண்டையும் பூட்டி மறுபடி பாருங்கள். தனித்தனியாக நேராக இருந்து, பூட்டியதும் வளைந்தால் ஜாயின்ட்டின் முகம் சரியாகச் சீவப்படவில்லை என்று அர்த்தம். மலிவுக் கியூக்களில் அதிகம் பார்க்கும் குறை இதுதான்.

பூட்டிய இடத்தில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுங்கள், படி தட்டக் கூடாது. டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை ஃபெரூலுக்கும் மரத்துக்கும் நடுவில் அதேபோல் பாருங்கள். ஃபெரூலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கடைசியாக, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து அடிப்பக்க ரப்பர் தரையில் படும்படி லேசாகத் தட்டுங்கள். திடமாக ஒரு சத்தம் வந்தால் நல்லது. உள்ளே ஏதோ அதிர்கிற ஒலி வந்தால் உள்ளிருக்கும் எடை போல்ட்டோ ஜாயின்ட்டோ தளர்ந்திருக்கிறது.

மரத்தின் ரேகைகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஷாஃப்டின் நீளத்துக்கு இணையாக ஓடும் ரேகை நல்ல அடையாளம். பாதி வழியில் பக்கவாட்டில் வெளியேறிப் போகும் ரேகை இருந்தால் அந்தக் கட்டை பின்னாளில் வளைய வாய்ப்பு அதிகம். மேப்பிளில் ரேகை மங்கலாகத்தான் இருக்கும். ஆஷ் மரத்தில் அம்பு முனை அடுக்கியதுபோல் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் செய்தால் கடைக்காரர் முகம் சுளிப்பாரோ என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். கியூ விற்கிறவருக்கு இதெல்லாம் தெரியும். பார்க்க விடாத கடையில் வாங்கத் தேவையில்லை.

டிப்பில் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்கிறார்களே, புதியவருக்கு எது?

மீடியம். சாஃப்ட் டிப் பந்தைக் கொஞ்சம் அதிக நேரம் தொட்டு நிற்கும், சாக்கையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் அமுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஹார்ட் டிப் உழைக்கும், ஆனால் சாக் போடுவதில் சோம்பல் காட்டினால் டிப் பந்தில் வழுக்கி மிஸ்கியூ ஆகும். நடுவிலிருப்பது இரண்டு தொல்லையும் இல்லாமல் ஓடும். லீ ப்ரோ போன்ற ஒற்றைத் தோல் டிப்கள் விலை குறைவு, பல காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. எல்க் மாஸ்டர் அதைவிட மிருது, ஸ்நூக்கர்காரர்களுக்குப் பழக்கமானது. பல அடுக்காகத் தோலை ஒட்டிச் செய்யும் காமுயி போன்ற டிப்கள் சீராக இருக்கும், விலையும் அதிகம். முதல் கியூவுக்கு அது தேவையில்லை.

டிப்பைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. அந்தச் சின்னத் தோல் துண்டு வருவதற்கு முன்னால் வெறும் மரக்கட்டையால்தான் பந்தைத் தள்ளினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மிங்கோ என்கிற பிரெஞ்சுக்காரர் தோல் டிப்பைச் செம்மைப்படுத்தி, போன பந்தைத் திரும்பி வரவைத்துக் காட்டியதாகச் சொல்வார்கள். இன்று நாம் அடிக்கும் ஸ்க்ரூ (பந்தைப் பின்னால் இழுப்பது), சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) எல்லாமே அந்தத் தோலின் பிடிப்பில் பிறந்தவை. புதுச்சேரியில் ஆடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

டிப்பின் தலை வளைவாக இருக்க வேண்டும், தட்டையாக இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆடுகிறவர்கள் அவர்களுடைய ஐந்து சென்ட் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்பார்கள். அதன் விட்டம் 21 மி.மீ. சொச்சம். 2011-ல் வெளியான வரிசையில் வந்த, ₹ குறி போட்ட நம் ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய 22 மி.மீ. அதை டிப்புக்குப் பக்கவாட்டில் பிடித்து, நாணயத்தின் விளிம்பும் டிப்பின் வளைவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

டிப்பை நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் முதல் தடவை தெரிந்த ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பார்லர்களில் இருக்கும் மார்க்கர்களில் சிலர் இதில் கைதேர்ந்தவர்கள். பழைய டிப்பைப் பிளேடால் வெட்டி எடுத்து, ஃபெரூலின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டுவார்கள். புது டிப்பின் அடிப்பக்கத்தை, தட்டையான பலகை மேல் விரித்த உப்புத்தாளில் சீராகத் தேய்ப்பார்கள். அப்புறம் ஜெல் பசை ஒரே ஒரு சொட்டு, நடுவில். டிப்பை வைத்து அழுத்தி, நிதானமாகப் பிடித்திருப்பார்கள். காய்ந்ததும் கியூவைத் தலைகீழாக்கி, டிப் பலகையில் படும்படி நிறுத்தி, வெளியே நீட்டியிருக்கும் தோலைப் பிளேடால் கீழ்நோக்கிச் சீவுவார்கள். பிளேடு ஃபெரூல் பக்கம் சாயவே கூடாது. இந்த ஒரு இடத்தில்தான் புதியவர்கள் ஃபெரூலைக் கீறிவிடுவது.

வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் பசை அதிகமாவதுதான். இரண்டு பரப்பும் தட்டையாக இருந்தால் ஒரு சொட்டு போதும்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

பூல் கியூக்கள் பொதுவாக 18 முதல் 21 அவுன்ஸ் வரை வரும், அதாவது சுமார் 510 முதல் 595 கிராம். 19 அவுன்ஸில், 540 கிராம் பக்கம், ஆரம்பியுங்கள். கடையில் அளவு எழுதியிருக்காவிட்டால் சமையலறை டிஜிட்டல் தராசே போதும்.

எடையைவிடக் கவனிக்க வேண்டியது அது எங்கே இருக்கிறது என்பது. ஒரே எடையுள்ள இரண்டு கியூவில் ஒன்று முன்னால் கனக்கும், ஒன்று பின்னால் கனக்கும். ஆடும் நிலையில் குனிந்து நின்று நாலு தடவை முன்னும் பின்னும் வீசிப் பாருங்கள். நுனி தானாக மேலே எழும்பினாலோ, முன்கையைக் கீழே அழுத்தினாலோ அது உங்களுக்கு ஒத்துவராது. நல்லதை எடுத்தால் கை அதை மறந்துவிடும்.

என் உயரத்துக்கு ஏற்ற நீளம்?

57 அல்லது 58 அங்குலம். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது சரி. ஆறடிக்கு மேல் நல்ல உயரமாக இருந்தால் மட்டும் நீட்டிப்பு பொருத்தக்கூடியதாகப் பாருங்கள்.

ஒற்றைக் கட்டையா, இரண்டு துண்டா, முக்கால் ஜாயின்ட்டா?

பைக்கிலும் பஸ்ஸிலும் போகிறவருக்கு நடுவில் கழற்றும் இரண்டு துண்டுக் கியூதான். ஒவ்வொரு துண்டும் இரண்டரை அடிக்குள் அடங்கும். தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஏறலாம், யாரையும் இடிக்காது. ஸ்நூக்கர்காரர்கள் விரும்பும், நடுவில் இல்லாமல் முக்கால் நீளத்தில் கழற்றும் முக்கால் ஜாயின்ட் கியூவின் பெட்டி மூன்றரை அடிக்கு மேல் நீளும். ஸ்கூட்டரில் ஈ.சி.ஆர். காற்றில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போவது ஆபத்து. கார் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஜாயின்ட் திருகின் அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலிவுக் கியூக்களில் 5/16-18 என்கிற எஃகுத் திருகு பரவலாக வரும். பின்னாளில் ஷாஃப்ட் மட்டும் தனியாக வாங்க நேர்ந்தால் இந்த எண் தெரிந்தால்தான் பொருந்துவதை வாங்க முடியும். எந்த ஊருக்கும் போகாமல் அஞ்சலில் வரவழைக்கும்போது இது ரொம்ப முக்கியம்.

கார்பன் ஃபைபர், லோ டிஃப்ளெக்‌ஷன் என்று விளம்பரம் வருகிறதே?

பந்தின் பக்கவாட்டில் சைடு கொடுத்து அடிக்கும்போது, வெள்ளைப் பந்து நாம் குறி வைத்த கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் விலகிப் போகும். கியூவின் முன்நுனியில் எடை அதிகமாக இருந்தால் விலகலும் அதிகம். நுனியை உள்ளீடற்றதாக, லேசாகச் செய்து இதைக் குறைப்பதுதான் லோ டிஃப்ளெக்‌ஷன். பிரடேட்டர் நிறுவனம் 1990-களில் இதைப் பிரபலமாக்கியது, பிறகு கார்பன் ஷாஃப்டுகளும் வந்தன.

உண்மையான கார்பன் ஷாஃப்ட் ஈரத்தில் வளையாது. கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது பெரிய வசதி. ஆனால் நல்லது ஒன்றின் விலையில் பல முதல் கியூக்கள் வாங்கலாம். மிகக் குறைந்த விலையில் கார்பன் என்று வருபவற்றில் மரத்தின்மேல் ஒரு கறுப்புப் பூச்சு மட்டும் இருப்பதும் உண்டு. எப்படியும் முதல் ஆறு மாதம் நீங்கள் வெள்ளைப் பந்தை நடுவில் அடித்துப் பழக வேண்டும். நடுவில் அடிக்கிறவருக்கு இந்த விலகல் கணக்கே வராது.

ஆன்லைனில் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு மூன்று விஷயம் கவனித்து. "பூல் / ஸ்நூக்கர் கியூ" என்று பொதுவாகப் போட்டிருந்தால் டிப் அளவைத் தேடுங்கள். 9.5 அல்லது 10 மி.மீ. என்றிருந்தால் அது ஸ்நூக்கர் கியூதான், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும். டிப் அளவே கொடுக்காத பக்கத்தை விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் வசதி எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, மேலே சொன்ன சோதனைகளை அன்றைக்கே செய்துவிடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை பார்லர் போகும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டால் கெடு முடிந்துவிடும்.

பெரிய வெளிநாட்டு பிராண்டின் பெயர் பொறித்த கியூ 3,000 ரூபாய்க்கு வந்தால் அது அந்த பிராண்டு செய்தது இல்லை. போலி என்பதற்காக அது வளைந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

உள்ளூரில் எங்கே தேடுவது?

நம் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகள் கிரிக்கெட், கேரம், ஷட்டில் என்று நிறைந்திருக்கும். கியூ ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். நேரு வீதியிலோ லாரன்ஸ் ரோட்டிலோ தேடுவதற்கு முன்னால் நீங்கள் ஆடும் பார்லர்காரரிடம் சொல்லி வையுங்கள். டேபிளுக்குத் துணி, சாக், டிப் வரவழைக்கும்போது அவர் கியூவும் சேர்த்து வரவழைப்பார். அவர் வழியாக வாங்கினால் ஏதாவது கோளாறு என்றால் திருப்பிக் கொடுக்க ஒரு முகம் இருக்கிறது. அதற்காக நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் தகும்.

பல கியூவை ஒன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைதான். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஃபோன் போட்டு பூல் கியூ, 12 மி.மீ.க்கு மேல் டிப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா?

தாராளமாக. முதல் கியூவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். பல வருடம் ஆடிய ஒருவர் வேறு கியூவுக்கு மாறும்போது பழையதை விற்பார். நாலைந்து மழைக்காலம் பார்த்தும் நேராக நிற்கும் கட்டை இனிமேல் வளைய வாய்ப்பு குறைவு. டிப் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஒதுங்காதீர்கள், விலை குறைக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான். ஷாஃப்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்திருக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். ஃபெரூலைவிட மரம் மெலிந்து, நடுவில் ஒரு படி தெரியும். அப்படிப்பட்டது வேண்டாம்.

கடற்கரை ஊர், மழைக்காலம். கியூ வளையாமல் எப்படிக் காப்பாற்றுவது?

மரம் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விடும். இந்த ஏற்றமும் இறக்கமும் சீக்கிரம் சீக்கிரம் நடந்தால்தான் வளைவு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைவிட அக்னி நட்சத்திரத்து மதியம் பூட்டிய காருக்குள் கிடப்பது கியூவுக்குப் பெரிய கேடு. வண்டியில் விட்டுவிட்டு ஒரு வேலைக்கும் போகாதீர்கள்.

வீட்டில் கழற்றி, உறைக்குள் போட்டு, படுக்கவாட்டில் தட்டையாகவோ செங்குத்தாகவோ வையுங்கள். சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் விட வேண்டாம். புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உறைக்குள் போடுங்கள். உறை மழையில் நனைந்தால் கியூவை வெளியே எடுத்துத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது.

கட்டிலுக்கடியில் வைக்கும் பழக்கம் நம் ஊருக்கு ஒத்துவராது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அதற்குப் பின்னால் தென்பெண்ணை வெள்ளம் கடலூரை எப்படிச் சூழ்ந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். பீரோ மேல் வையுங்கள்.

உப்புக் காற்றில் ஜாயின்ட் திருகு மங்கிக் கரகரக்கும். வாரம் ஒரு தடவை உலர்ந்த துணியால் திருகையும் அது போய் உட்காரும் துளையின் வாயையும் துடைத்தால் போதும். எண்ணெய் விட்டால் அது மரத்தில் ஏறும்.

கை வியர்த்து ஷாஃப்ட் ஒட்டுகிறது. பவுடர் போடலாமா?

போடாதீர்கள். பவுடர் டேபிள் துணியில் கொட்டும், பந்தில் ஒட்டும், பார்லர்காரருக்கும் கோபம் வரும். ஷாஃப்டில் இருக்கும் அழுக்கோடு சேர்ந்து அது இன்னும் பிசுபிசுக்கும். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து ஷாஃப்டை ஒரு தடவை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்து ஷாஃப்டைச் சுற்றிப் பிடித்து, சூடு தெரியும்வரை வேகமாக மேலும் கீழும் தேயுங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கும். அதற்கும் அடங்காத வியர்வை என்றால் மூன்று விரல் கையுறை வாங்கிக்கொள்ளலாம்.

பின்கைப் பிடியில் நூல் சுற்றியது, நைலான், வெறும் மரம் என்று வரும். நூல் சுற்றியது வியர்வையை உறிஞ்சும், ஆனால் அழுக்கேறும். நமக்கு வெறும் மரமே சுலபம், துடைத்தால் தீர்ந்தது.

பிரேக்குக்குத் தனிக் கியூ வாங்கணுமா?

இப்போது வேண்டாம். பார்லர் ஸ்டிக்கில் கனமான ஒன்றை எடுத்து பிரேக் அடித்துவிட்டு, உங்கள் கியூவை எடுத்து ஆடுங்கள். உங்கள் டிப் கூடுதல் நாள் உழைக்கும்.

பத்து வயது மகளுக்கு ஆசை. பெரியவர்கள் கியூவையே கொடுக்கலாமா?

48 அல்லது 52 அங்குலக் கியூ கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். நீளக் கியூவைக் கொடுத்தால் குழந்தை பின்கையைத் தவறான இடத்தில் பிடித்துப் பழகும், அதைப் பிறகு மாற்றுவது கஷ்டம். உயரம் கூடியதும் கியூவை அடுத்த குழந்தைக்குக் கைமாற்றிவிடலாம்.

நான் இடக்கை. எனக்குத் தனிக் கியூ தேட வேண்டுமா?

தேவையில்லை. கியூ உருண்டையாகத்தான் இருக்கிறது, இரண்டு கைக்கும் ஒன்றேதான். கையுறை வாங்கினால் மட்டும் கேட்டு வாங்குங்கள். அது கியூவைத் தாங்கும் முன்கைக்கு, உங்களுக்கு அது வலக்கை.